வழக்கத்துக்கு மாறான கலையைத் தேடிப் புறப்படுவோருக்குக் கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நடப்பவர்கள் தலையை நிமிர்த்துவது அரிது. கைவண்டி தள்ளிவரும் நாட்டாமைமாருக்கு வழிவிட்டு, நடைபாதையில் பரப்பிய பொருட்களில் இடறாமல், பணப்பையை ஒரு கையால் பற்றிக்கொண்டு நகர்வதற்கே கண்ணும் கவனமும் சரியாகிவிடும். அந்தத் தெருவில், கடைகளுக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையுமாக வரியோடிய சுவர்களும், முறுக்கிய தூண்களும், மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களும் கொண்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1909ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. பழைய ஆட்கள் அதைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். அதை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். தென்னிந்திய வணிகர்கள் கொடுத்த, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ சரசனிக் கட்டடங்களின் படங்களையும் விவரங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றுள் எதையும் அப்படியே ஒத்திராத ஒன்றை அவர் எழுப்பினார்.

இத்தகைய படைப்புகளையும் அவற்றைச் செய்த மனிதர்களையும் தேடிப் பார்க்க விரும்பும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாத ஒருவருக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. கலை வரலாறு படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விமானச் சீட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு குறிப்பேடு, நடப்பதற்கு ஏற்ற செருப்பு, தண்ணீர்ப் போத்தல், வழிபாட்டிடங்களுக்குள் செல்லத்தக்க உடை, சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியவை இருந்தால் போதுமானது.

முதற் படி: மூன்று மனிதர்களை அறிந்துகொள்ளுங்கள்

தெருவில் இறங்குமுன் ஒரு மாலைப்பொழுதை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். பிரெஞ்சு ஓவியரான ஜோன் டுபுபே, கலைக்கல்லூரிகளுக்கும் கலைச் சந்தைக்கும் வெளியே நின்று தமக்காகவே படைத்தவர்களின் ஆக்கங்களை 1945ஆம் ஆண்டு முதல் சேகரிக்கத் தொடங்கி, அவற்றுக்கு 'ஆர் புரூட்' என்று பெயரிட்டார். செப்பனிடாத கலை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவருடைய சேகரிப்பு 1976ஆம் ஆண்டு முதல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தனி நூதனசாலையாக இயங்குகிறது. ஆனால் பெயரைவிட மனிதர்களே உங்களுக்கு முக்கியம். அவர்களில் மூவரின் கதையாவது மனத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாமவர் பெர்டினண்ட் செவால். தென்கிழக்குப் பிரான்சின் ஓத்தரீவ் என்ற ஊரில் தபாற்காரராக இருந்தவர். நாள்தோறும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நடந்து கடிதங்களைச் சேர்ப்பித்த அவர், 1879ஆம் ஆண்டில் தமது 43ஆவது வயதில் வழியில் ஒரு கல்லில் இடறினார். அதன் உருவம் பிடித்துப்போகவே அதை வீட்டுக்கு எடுத்துவந்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கற்களைப் பொறுக்கினார். முதலில் சட்டைப் பையில், பிறகு கூடையில், அதன்பின் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில். வேலை முடிந்தபின் இரவில் எண்ணெய் விளக்கின் ஒளியில், சுண்ணாம்பையும் சீமெந்தையும் குழைத்து, தம் தோட்டத்தில் ஒரு மாளிகையை 33 ஆண்டுகள் தனியாளாகக் கட்டினார். அதில் இந்துக் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, அரக்க உருவங்களும் உண்டு. அவற்றுள் எதையும் அவர் நேரில் கண்டதில்லை. தாம் சேர்ப்பித்த அஞ்சலட்டைகளிலும் படச் சஞ்சிகைகளிலும் பார்த்ததே அவருடைய உலகப் பயணம். அம்மாளிகைக்குள்ளேயே தம்மை அடக்கம் செய்ய அனுமதி கிடைக்காததால், ஊர் மயானத்தில் தமது கல்லறையையும் தாமே எட்டு ஆண்டுகள் செலவிட்டுக் கட்டி முடித்தார். 1924இல் இறந்தார். 1969இல் பிரெஞ்சு அரசு அம்மாளிகையை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இரண்டாமவர் சைமன் ரோடியா. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கூலித் தொழிலாளி. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் என்ற பகுதியில், தமது சிறு காணியில், 1921 முதல் 1954 வரை இரும்புக் கம்பிகளை வளைத்து, வலைக்கம்பி சுற்றி, சீமெந்து பூசி, அதில் உடைந்த பீங்கானையும் போத்தல் துண்டுகளையும் சிப்பியையும் பதித்துப் பதினேழு அமைப்புகளை எழுப்பினார். அவற்றுள் உயரமானது ஏறக்குறைய 30 மீற்றர். சாரம் கட்டவில்லை, ஏற்கெனவே கட்டிய பகுதியின் மேலேயே ஏறி நின்று அடுத்த பகுதியைக் கட்டினார். பிறகு காணியை அயலவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அவை ஆபத்தானவை, இடிக்கப்பட வேண்டும் என்று நகர நிருவாகம் உத்தரவிட்டபோது, 1959இல் நான்கரை தொன்னுக்குச் சமமான விசையால் ஒரு கோபுரத்தை இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் நின்றது.

மூன்றாமவர் நேக் சந்த். நமக்கு மிக நெருக்கமானவர் இவரே என்று எண்ணுகிறேன். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானுக்குள் இருக்கும் தமது கிராமத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் சண்டிகார் நகரில் வீதிப் பரிசோதகராக வேலை பார்த்தார். புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட பழைய கிராமங்களின் குப்பைகளை, உடைந்த வளையல்களை, கழிப்பறைப் பீங்கான்களை, மின்குமிழ்த் தாங்கிகளைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று, எவரும் கட்டக் கூடாத அரசாங்கக் காட்டு நிலத்தில் 1957 முதல் இரகசியமாக ஒரு சிற்ப இராச்சியத்தை உருவாக்கினார். 1970களின் நடுவில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் அவருக்குத் துணை நின்றார்கள். 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் அளிக்கப்பட்டன. விட்டுவந்த கிராமம் ஒன்றைக் குப்பையிலிருந்து மீண்டும் கட்டிய மனிதரைப் புரிந்துகொள்ள, வடக்கிலும் கிழக்கிலும் வீடிழந்து கொழும்பில் வாடகை அறையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இந்த மூவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான்கு கேள்விகள் தாமாகவே எழும்: இதைச் செய்தவர் யார், எந்தப் பொருளால் செய்தார், எவ்வளவு காலம் செய்தார், யாருக்காகச் செய்தார். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்த நான்கு கேள்விகளையும் கையிலேந்திக்கொண்டு நடப்பதுதான். ஒரு சொல்லை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: பைத்தியக்காரத்தனம். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு வேலையைத் திட்டத்தோடும் பொறுமையோடும் செய்துமுடிப்பவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. அதைச் சொன்ன கணத்தில் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாம் படி: புறக்கோட்டையிலிருந்து கொச்சிக்கடை வரை நடவுங்கள்

முதல் நடைக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஏழு மணி ஏற்றது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கடலோர ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். 100, 101ஆம் இலக்கப் பேருந்துகளும் காலி வீதி வழியே புறக்கோட்டைக்கு வரும். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் அந்த வேளையில்தான் கட்டடங்களின் மேல் மாடிகள் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் சம்மாங்கோட்டுப் பள்ளிக்குச் செல்லுங்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் முதன்முறை அங்கு நிழற்படம் எடுக்க முயன்று தடுமாறியபோது, எதிரே கடை திறந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, கீழ நிண்டு பாத்தா ஒண்டும் வெளங்காது, மேல ஏறி வாங்க" என்று தம் கடையின் மாடிக்கே அழைத்துச் சென்றார். அங்கிருந்து பார்த்தபோதுதான் ஒவ்வொரு வரிசையிலும் சிவப்பு வெள்ளை வடிவம் மாறிக்கொண்டே போவது புரிந்தது. ஓரிடத்தில் பட்டை, ஓரிடத்தில் சதுரம், ஓரிடத்தில் சுருள். துறைமுகத்தை நெருங்கிய கப்பல்களில் இருந்தோர் இதைக் கொண்டே கொழும்பை அடையாளம் கண்டார்கள் என்று சொல்வார்கள். பிற சமயத்தவரும் உள்ளே செல்லலாம், ஆனால் தொழுகை நேரத்தையும், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டு, தலையையும் கை கால்களையும் மறைக்கும் உடையோடு செல்ல வேண்டும்.

அங்கிருந்து பிரதான வீதிக்கு வந்து கிழக்காக நடந்தால் பழைய நகர மண்டபம் வரும். 1873இல் கட்டப்பட்ட இக்கட்டடத்தின் மேல் மாடியில், அக்கால மாநகர சபை உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து கூட்டம் நடத்துவது போல ஆளுயர உருவங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. கதவு திறந்திருந்தால் கட்டாயம் ஏறிப் பாருங்கள். அசையாத அந்த மனிதர்களுக்கு நடுவே இரண்டு நிமிடம் நிற்பது விசித்திரமான அனுபவம். அருகிலேயே கெய்மன் வாசல் மணிக்கூண்டு இருக்கிறது. அதன் மணி கோட்டை இராச்சியக் காலத்துப் போர்த்துக்கேயத் தேவாலயம் ஒன்றின் இடிபாடுகளில் கிடைத்தது. ஒல்லாந்தர் அகழியில் இருந்த முதலைகளே அந்த வாசலுக்குப் பெயரைக் கொடுத்தன.

இனிச் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்காக வருபவர்களுக்கு அதன் கதிரேசன் கோயில்கள் பின்னணியாகவே தெரிந்திருக்கும். இம்முறை நகைக்கடைக்கு முதுகைக் காட்டி நின்று கோபுரத்தைப் பாருங்கள். செங்கல்லில் உருவெடுத்துச் சுண்ணாம்பும் சீமெந்தும் பூசி வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களைப் பிறந்த நாளிலிருந்து பார்த்துவருவதால், அவற்றை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு கோபுரத்தில் எத்தனை முகங்கள், அவற்றுள் எத்தனை வேறுபட்டவை, எந்தப் பூதத்தின் வயிற்றைச் சிற்பி மனம் மகிழ்ந்து செய்திருக்கிறார், எந்த அரம்பையின் முகத்தில் பக்கத்துத் தெருப் பெண்ணின் சாயல் இருக்கிறது என்று ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தை ஒட்டி இவை புதுப்பிக்கப்படும்போது வண்ணங்கள் மாறும், சில முகங்களும் மாறும். திருப்பணி நடக்கும் காலத்தில் நீங்கள் போக நேர்ந்தால் அது பெரும் வாய்ப்பு. சாரத்தின் கீழ் நிற்கும் ஸ்தபதியிடமோ அவருடைய உதவியாளரிடமோ மரியாதையாகப் பேச்சுக் கொடுங்கள்.

ஐந்துலாம்புச் சந்தியைக் கடந்து மேட்டில் ஏறினால் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் இருக்கிறது. ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் தரையில் பதிந்திருக்கும் அந்தக் கட்டடத்தில், எழுத்துகளின் வடிவத்தை மட்டும் பார்த்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். நேரமில்லாதவர்கள் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டு கொச்சிக்கடைக்கு இறங்கிவிடலாம்.

இந்த நடையின் முடிவிடம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1850களில் அமைத்த கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லில் மீளக் கட்டுவித்தார். கொழும்பின் வண்ணங்களிலிருந்து இங்கே நுழைபவருக்கு ஏற்படுவது திடீர் இருட்டு. கல்லில் எண்ணெய் படிந்து, தீபங்களின் ஒளி மட்டும் தூண்களின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். துறைமுக நகரம் ஒன்றின் நடுவில், சீமெந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில், தென்னிந்தியச் சிற்பிகளை வரவழைத்துக் கல்லையே வேண்டும் என்று பிடிவாதமாகத் தேர்ந்தது எவ்வளவு வழக்கத்துக்கு மாறான முடிவு என்பதை அந்த இருட்டில் நின்று யோசித்துப் பாருங்கள். கண்கள் பழகச் சில நிமிடங்கள் ஆகும்; அதற்குள் வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளே நிழற்படம் எடுப்பதற்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் இல்லைதான்.

மூன்றாம் படி: சேகரிப்புகளைப் பார்க்கப் பழகுங்கள்

கட்டுவது போலவே சேகரிப்பதும் ஒரு படைப்புத்தான். ஹுணுப்பிட்டி கங்காராமய விகாரையின் நூதனசாலை இதற்குக் கொழும்பில் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம். பல நாட்டுப் புத்தர் சிலைகள், தந்த வேலைப்பாடுகள், கைக்கடிகாரங்கள், மூக்குக் கண்ணாடிகள், பழைய மோட்டார் வாகனங்கள், பாடம் செய்து நிறுத்திய யானை என்று பக்தர்களும் விருந்தினரும் கொடுத்தவை எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளிலும் அவற்றின் மேலும் நெருங்கிக் கிடக்கின்றன. தேசிய நூதனசாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் விளக்கம் இருக்கும். இங்கே குவியலே விளக்கம். முதல்முறை செல்பவர்கள் எல்லாவற்றையும் பார்க்க முயன்று களைத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் ஒரே ஒரு பெட்டியைத் தெரிந்தெடுத்து, அதில் இருப்பவற்றைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுங்கள். ஐம்பதாவது பொருளை எழுதும்போது, கொடுத்தவர்களின் மனம் உங்களுக்குத் தெரியத் தொடங்கும்.

பிறகு சில நிமிட நடையில் பேரை வாவியின் மேல் அமைந்த சீமா மாலக்கைக்குச் செல்லுங்கள். நீரில் அமிழத் தொடங்கிய பழைய கட்டடத்துக்குப் பதிலாக 1970களில் ஜெப்ரி பாவா வடிவமைத்தது. மகனை இழந்த ஒரு முஸ்லிம் பெற்றோர், அவன் நினைவாக இந்தப் பௌத்த மண்டபத்துக்கான செலவை ஏற்றார்கள். யாருக்காகச் செய்தார் என்ற நான்காவது கேள்விக்கு இந்த நகரத்தில் இதைவிட ஆழமான விடையை நான் கண்டதில்லை. பாவாவே முதலில் சட்டத்தரணியாக இருந்து, 38ஆவது வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை 1958 முதல் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக இணைத்து அவர் அமைத்த வீட்டையும் முன்பதிவு செய்து பார்க்கலாம். கட்டணம் சற்று அதிகம் என்பதால் அதைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வரைந்தவர்களைத் தேடுங்கள்

பொரளையில் உள்ள கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் புத்தரின் வாழ்க்கையைச் சுவர்களில் வரைந்தார். ஓவியக் கல்லூரியில் பயின்றிராத ஒருவர், ஐரோப்பாவின் புதிய ஓவியக் கோடுகளையும் இந்தியச் சிற்பங்களின் வளைவுகளையும் சேர்த்து, பழைய விகாரை மரபுக்குப் பழகிய கண்களின் முன் வைத்தது அக்காலத்தில் துணிச்சலான செயல். நுழைவுக் கட்டணம் இல்லாத, பெரும்பாலும் அமைதியாக இருக்கும் அந்த மண்டபத்தில் தரையில் அமர்ந்து பார்க்கலாம்; புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

கீற்றும் அவருடைய தோழர்களும் 1943இல் நிழற்படக் கலைஞர் லயனல் வெண்டின் ஊக்கத்தில் '43 குழு' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களுள் மஞ்சுஸ்ரீ என்பவர் பௌத்த துறவியாக இருந்தபோதே ஊர் ஊராகப் போய், அழிந்துகொண்டிருந்த விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுத்துக் காத்தவர். தனியொருவராக அவர் செய்த அந்த வேலையை நம்முடைய மூவரின் உழைப்போடு தயக்கமின்றி ஒப்பிடலாம். குழுவினரின் ஓவியங்கள் பலவற்றை, அவர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில், சபுமல் மன்றத்தில் காணலாம். வீட்டுச் சுவரில், வெளிச்சம் ஓடுகளுக்கிடையே விழும் கூடத்தில், தளபாடங்களுக்கு மேலே தொங்கும் ஓவியங்களைப் பார்ப்பது வேறுவகை நெருக்கத்தைத் தரும். திறந்திருக்கும் நாட்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ, கலா பொல என்ற திறந்தவெளிக் கலைச்சந்தை கூடுகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் ஓவியர்களும் சிற்பிகளும் தம் படைப்புகளுக்கு அருகிலேயே நிற்பார்கள் என்பதால், நான்கு கேள்விகளையும் நேரில் கேட்கலாம். அந்த வீதிக்குப் பெயர் தந்தவர் 1877இல் கொழும்பில் பிறந்த தமிழர் மகன். நிலவியலாளராகத் தொடங்கி, கிராமத்துக் கைவினைஞரின் வேலையைக் கலை என்று உலகம் ஏற்கும்வரை எழுதியவர். கலைஞன் தனி வகை மனிதன் அல்லன் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வாதிட்ட கருத்து. அவர் பெயர் தாங்கிய வீதியின் ஓரத்தில் ஓவியங்கள் விற்கப்படுவது பொருத்தமாகவே இருக்கிறது.

ஐந்தாம் படி: கரைந்துபோகும் கலைக்கு நாட்காட்டி வையுங்கள்

சில படைப்புகள் ஒரு வாரமே உயிர்வாழும். மே மாதத்து வெசாக் காலத்தில் பொரளை, தொட்டலங்கை, பேலியகொடைப் பக்கங்களில் எழும் பிரம்மாண்டமான வெசாக் பந்தல்களைத் தமிழர்கள் பலர் வாகன நெரிசலின் காரணமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதைகளுள் ஒன்றைச் சித்திரச் சட்டங்களாகப் பிரித்து, அவற்றைச் சுற்றி எண்ணற்ற வண்ண மின்குமிழ்களை ஓடவிட்டு, ஒலிபெருக்கியில் கதையைச் சொல்லும் இந்த அமைப்புகளைத் தொழிலாகவே செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. இரவில் பார்த்தவர்கள் பகலிலும் ஒருமுறை போங்கள். கமுகும் கயிறும் கம்பியும் கொண்ட பின்புறத்தைக் காணுங்கள். என் மதிப்பீட்டில் பின்புறமே அதிக வியப்பைத் தருகிறது. அதுபோல் ஆடி மாதத்து வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் தேரை வீதியோரக் கூட்டத்தில் நின்று பார்ப்பதோடு, புறப்பாட்டுக்கு முந்திய அலங்கார வேலையையும் அனுமதி பெற்றுப் பாருங்கள்.

ஆறாம் படி: கடினமானவற்றையும் ஒதுக்காதீர்கள்

சோதனைச் சாவடிகளில் பச்சையும் கறுப்பும் மண்ணிறமுமாக வண்ணம் பூசி வைக்கப்பட்ட தகரப் பீப்பாய்களை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே பலர். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றின் முன் நின்ற நிமிடங்களின் நீளத்தைச் சொல்லில் அடக்க முடியாது. சிங்கள ஓவியரான சந்திரகுப்த தேனுவர 1997இல் அதே பீப்பாய்களைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்து, தம் கலைக்குப் 'பீப்பாயியம்' என்றே பெயர் கொடுத்தார். 1983 ஜூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை 23ஆம் திகதியை ஒட்டி அவர் நடத்திவரும் கண்காட்சிகளுக்குத் தமிழ் வாசகர்கள் அவசியம் செல்ல வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களைத் திரட்டி, தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டின் வடிவில் 2011இல் வெளிக்கொணர்ந்தார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று நடுங்கும் கையால் குறிக்கப்பட்ட அந்தப் படங்களை வரைந்தவர் எவரும் ஓவியர் அல்லர். அவற்றைப் பார்த்த பிறகு என் தாயாரிடம் ஒரு தாளைக் கொடுத்து எங்கள் பழைய வீட்டை வரையச் சொன்னேன். அவர் முதலில் வரைந்தது படலையை.

இவ்வகைச் சமகாலப் படைப்புகளுக்கு 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை நல்ல வாசல். அங்கே தமிழிலும் விளக்கம் உண்டு. தொடங்கிய பின் இடம் மாறியிருப்பதால், செல்லுமுன் முகவரியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பதிவும் பண்பும்

குறிப்பேட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கேள்விகளுக்கும் இடம் விடுங்கள். விடை கிடைக்காத இடத்தை வெறுமையாகவே வைத்திருங்கள். ஊகித்து நிரப்பினால் பிறகு அதுவே உண்மையாகிவிடும். நிழற்படத்துக்கு முன் ஒரு சிறு கோட்டுப்படம் போட்டுப் பாருங்கள். வரையத் தெரியாது என்பது தடையல்ல, ஏனெனில் கை நகரும்போதுதான் கண் நிற்கும்.

ஒருவருடைய வீட்டு மதிலிலோ கடையிலோ முச்சக்கர வண்டியின் முதுகிலோ நீங்கள் தேடுவது இருந்தால், முதலில் வணக்கமோ சலாமோ சொல்லி, ஐயா, அம்மா, நானா, அக்கா என்று அவரவர்க்கு உரிய முறையில் அழைத்து, அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். பாராட்டுக்கு முன் கேள்வி வந்தால் வரி அதிகாரியோ என்று அஞ்சுவார்கள். முகவரியையும் முகத்தையும் அவருடைய சம்மதம் இன்றி எங்கும் வெளியிடாதீர்கள். தமக்காக மட்டும் செய்துவந்த ஒருவரின் வாசலில் ஊரே வந்து நின்றால், அவர் செய்வதையே நிறுத்திவிடக்கூடும்.

எட்டாம் படி: நகரத்தை விட்டு வெளியே

இத்தனைக்கும் பிறகு தூரம் போகத் தோன்றினால், முதலில் அளுத்கமைக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து முச்சக்கர வண்டியில், ஜெப்ரியின் அண்ணன் மேஜர் பீவிஸ் பாவா இறப்பர்த் தோட்டம் ஒன்றை 1929 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமது விருப்பப்படி மாற்றியமைத்த பிரீப் தோட்டத்தை அடையலாம். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

கடல் கடந்தால், சிங்கப்பூரில் உறவினர் இருப்பவர்கள், தைல வணிகரான ஓ பூன் ஹாவ் 1937இல் தம் தம்பிக்காக அமைத்த ஹோ பார் வில்லாவைத் தவறவிட வேண்டாம். நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சுதை உருவங்களில் காட்டும் அவ்விடத்தில், கருடபுராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய முகங்கள் பல தென்படும். தாய்லாந்துக்குப் போகிறவர்கள் நொங்காய் நகருக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். லாவோசின் தலைநகருக்கு அருகே 1958இல் சிவனையும் விஷ்ணுவையும் புத்தரையும் சீமெந்தில் கலந்து ஒரு பூங்காவை அமைத்த புன்லுவா சுலிலாட், 1975இல் ஆட்சி மாறியதும் மேகொங் ஆற்றைக் கடந்து வந்து, நொங்காயில் அதைவிடப் பெரிய உருவங்களோடு இரண்டாவது பூங்காவைத் தொடங்கினார். இரண்டு பூங்காக்களையும் பார்க்க விரும்புவோர் பாலத்தைக் கடந்து லாவோசுக்குள் செல்ல வேண்டும். அதற்கான விசா விதிகளைக் கொழும்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் வேளார் குயவர்கள் சுட்டு நிறுத்தும் மண் குதிரைகளைப் பார்க்கலாம். நேர்த்திக்கடனாக வைக்கப்படும் அக்குதிரைகள் வெயிலிலும் மழையிலும் விடப்பட்டு, மெல்ல மெல்ல மண்ணோடு சேர்வதால், புதியதும் பழையதும் உடைந்ததும் வரிசையாக நிற்கும் பெரிய கோயில்களுக்கு முதலில் செல்லுங்கள். குறிப்பேட்டில் 'எவ்வளவு காலம்' என்ற கேள்விக்கு அங்கே கூடுதலாக ஒரு பக்கம் தேவைப்படும்.